இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் வீரியம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லவ் லேன், சூலியா தெரு ஆகிய இடங்களில் மாலையானால் திறக்கும் பார்களில் இன்று பல நாட்டு பீர் வகைகள் கிடைக்கின்றன. மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் முதிரவைத்த வீரியமான பீரும் அவற்றுள் ஒன்று. ஸ்டவுட், பார்லி வைன் என்ற பெயர்களில் வரும் இந்த பீர் சாதாரண பீரைவிடப் பல மடங்கு விலை கூடியது. பெரும்பாலும் கருநிறம், சற்றுக் கெட்டியாக இறங்கும், நுரை அதிகம் நிற்காது. வாயில் வைத்ததும் முதலில் தெரிவது இனிப்பு. கசப்பையும் நுரையையும் எதிர்பார்த்தவர்கூட “பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது” என்று அடுத்த வாய்க்குப் போய்விடுவார். ஆனால் 330 மில்லி கொண்ட, 12 விழுக்காடு வீரியமுள்ள ஒரு போத்தலில் ஏறக்குறைய 31 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவுள்ள 5 விழுக்காடு பீரில் இருப்பது 13 கிராம். கிட்டத்தட்ட இரண்டரைப் பங்கு வித்தியாசம். அதை நாக்கு நமக்குச் சொல்வதில்லை. அதனால்தான் இந்த பீரை முறையாகச் சுவைக்கக் கற்பதை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்கிறேன். மது விஷயத்தில் நம் நாக்கு காலங்காலமாக நம்பிவந்த ஒரு விதி இங்கே பொய்த்துப்போகிறது. அந்த விதி என்ன, ஏன் பொய்க்கிறது என்று தெரிந்துகொள்வது, குடிப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

அந்த விதியைக் கற்றுக்கொடுத்தது கள். பாளையிலிருந்து சொட்டும்போது தென்னஞ்சாறு இனிப்பு மட்டுமே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராகவே இருக்கும், குழந்தைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு மிச்சமிருக்கும், போதை குறைவு. நேரம் ஏற ஏற இனிப்பு வற்றி, புளிப்பு தலையெடுத்து, வீரியம் 4 முதல் 6 விழுக்காடு வரை போகும். அதற்கும் மேலே விட்டுவைத்தால் காடிதான். ஆகவே கள்ளில் இனிப்பும் போதையும் எதிரெதிர்த் திசையில் நடப்பவை: இனித்தால் இளசு, புளித்தால் முற்றியது. கள்ளைவிட்டுச் சாராயத்துக்கும் சம்சு என்ற மலிவு மதுவுக்கும் போனவர்களுக்கு இன்னொரு அடையாளம் இருந்தது. தொண்டை எரிந்தால் அது கடுமையான சரக்கு. புளிப்பு, எரிச்சல் என்ற இந்த இரண்டு எச்சரிக்கைகளை வைத்துத்தான் நம் நாக்கு வீரியத்தை அளந்து பழகியிருக்கிறது. பீப்பாயில் முதிர்ந்த பீரில் இரண்டுமே வேலை செய்வதில்லை. அங்கே இனிப்பும் உச்சத்தில், வீரியமும் உச்சத்தில்.

இது எப்படி நடக்கிறது? பீரின் சர்க்கரை முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையிலிருந்து வருகிறது. அதை வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. நீரின் சூடு 65 டிகிரிக்குள் இருந்தால் ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சிறு சர்க்கரைகள் அதிகம் கிடைக்கும். 68, 70 டிகிரிக்கு ஏற்றினால் ஈஸ்ட் தொட முடியாத நீண்ட சங்கிலிகள் மிஞ்சிப்போகும். இவை பீருக்குக் கெட்டித்தன்மையைக் கொடுக்கும். வீரியமான பீருக்கு வாற்கோதுமையை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொட்டுவார்கள். அவ்வளவு சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று முடிப்பதில்லை. ஆல்கஹால் கூடக்கூட அதே ஆல்கஹால் ஈஸ்ட்டைத் தளர்த்திவிடும். தின்றது வீரியமாகிறது, தின்னாமல் விட்டது இனிப்பாக நிற்கிறது. கருநிற பீர்களில் நன்றாக வறுத்த வாற்கோதுமையும் சேர்வதால் காப்பி, சாக்லேட், கருகிய பாகு வாசனைகள் வந்து சேர்கின்றன. சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுத்த கொட்டையில் போடும் பினாங்கு கோப்பி ஓ குடித்தவருக்கு இந்த வறுவல் மணம் புதிதல்ல.

மீதி வேலையைச் செய்வது மரம். அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் கலன்களில்தான் முதிரவைக்க வேண்டும். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை பர்பனுக்கு மறுபடி எடுக்க முடியாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கும் இந்தப் பழைய பீப்பாய்கள் ஏராளமாகச் சந்தைக்கு வருகின்றன. 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் மதுவாலை அவற்றில் ஸ்டவுட்டை நிரப்பி முதிரவைத்துப் பெயர் பெற்றது. பிறகு உலகெங்கும் இது பரவியது. பீப்பாயின் உட்பலகையில் கருகிய அடுக்கு ஒன்று, அதன் அடியில் சூட்டில் சிவந்த அடுக்கு ஒன்று இருக்கும். அந்தச் சிவந்த அடுக்கில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா மணம் தரும் வெனிலினாகிறது. மரத்தின் சர்க்கரைச் சத்துகள் பாகு மணமாகின்றன. ஓக் மரத்தில் இயல்பாகவே இருக்கும் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தருகிறது. தேங்காய்த் துண்டு ஒன்றுகூடச் சேராத பீரில் தேங்காய் மணப்பது இதனால்தான். பலகைக்குள் ஊறிக்கிடந்த விஸ்கியும் பீரில் கசிந்து வீரியத்தை இன்னும் சற்று ஏற்றும். மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல நுழையும் காற்று உலர்திராட்சை, பேரீச்சை மணங்களைத் தரும். ஆக, வெனிலா, தேங்காய், பாகு, பேரீச்சை என்று நாம் பலகாரத்தோடு சேர்த்தே அறிந்த மணங்களாகப் பார்த்து மரம் கொடுக்கிறது. இனிப்பு என்ற எண்ணம் நாக்கில் மட்டுமின்றி மூக்கிலும் உறுதிப்படுகிறது. வீரியத்தின் மேல் விழும் இரண்டாவது திரை இது.

மதுவை மரத்தில் முதிரவைப்பது நமக்கு அந்நியமான வேலை அல்ல. மலைவாழ் குறவர்கள் மூங்கில் குழாயில் நெடுநாள் வைத்து முதிரவிட்ட தேன்கள்ளைப் பற்றித் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் பேசுகின்றன. இனிப்பு, மரம், காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வீரியம் கூடும் என்பதைச் சங்க காலத் தமிழர் அறிந்திருந்தார்கள். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து எடுக்கும் சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் முதிரவைக்கிறார்கள். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது இந்த மரத்துக்குத்தான். வெப்பம் இந்த வேலையை வேகப்படுத்தும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் ஆவியாகும் விஸ்கி, பெங்களூரில் அம்ருத் மதுவாலையின் கிடங்கில் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிறது. பினாங்கின் ஈரமும் வெயிலும் முதிர்ந்த பீருக்கு இன்னும் சோதனை. சூடான கிடங்கில் கிடந்த போத்தலில் பழச்சுவை வற்றி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். வாங்குபவர் விலையை மட்டும் பார்க்காமல், அது குளிரில் வைக்கப்பட்டதா என்றும் கேட்பது நியாயம்.

இனி, சுவைப்பது எப்படி? முதல் விதி அளவு. பீர்ப் போட்டிகளில் நடுவர்கள் ஒரு மாதிரியில் எடுப்பது 60 முதல் 90 மில்லி வரைதான். வீட்டிலும் நூறு மில்லிக்கு மேல் தேவையில்லை. 12 விழுக்காட்டில் அதுவே ஒன்பதரை கிராம் ஆல்கஹால். வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளை வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றிக் குடித்தால் குளிர் நாக்கை மரக்கச் செய்துவிடும். ஐஸ்கட்டியும் அதையேதான் செய்யும். நம் ஊர் வெப்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தாலே 12 டிகிரி அளவுக்கு வந்துவிடும். குவளையை ஒருமுறை சுழற்றி உட்சுவரைப் பாருங்கள். பீர் திரையாக ஒட்டி, பிறகு மெதுவாக வழியும். அந்தத் தயக்கம், உள்ளே நிறையச் சத்தும் ஆல்கஹாலும் இருப்பதன் முதல் தடயம். அடுத்து மூக்கு. குவளையை மோவாய்க்கு நேராகப் பிடித்தால் வெனிலா, தேங்காய், குலா மெலாக்கா வெல்லம் போன்ற மணங்கள் முதலில் எழும். இன்னும் அருகே கொண்டுவந்தால் இவற்றின் அடியில் மூக்கின் உட்புறம் இலேசாகச் சுரீரென்னும். அதுதான் ஆல்கஹால், இனிப்பால் மறைக்க முடியாத அடையாளம். பிறகு ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் வாயில் எடுத்து, நாக்கின் ஓரங்கள் வரை படரவிட்டு விழுங்கிவிட்டுக் காத்திருங்கள். முதலில் இனிப்பு, நடுவில் வறுவலின் கசப்பு, கடைசியில் பல்லீறைப் பிடிக்கும் மரத் துவர்ப்பு. இவை அடங்கிய பின், மார்பெலும்புக்குப் பின்னால் மெல்ல ஒரு சூடு பரவும். இனிப்பு சில நொடிகளில் பேசி முடித்துவிடும். வீரியம் நிதானமாகத்தான் வாய் திறக்கும். அது பேசும்வரை காத்திருப்பவருக்கே இந்த பீர் முழுதாகத் தெரியும். இனிப்போடு நிறுத்திக்கொண்டு அடுத்த வாய்க்குத் தாவுகிறவர் பாதியைத்தான் குடிக்கிறார், ஆனால் முழு ஆல்கஹாலையும் வாங்கிக்கொள்கிறார்.

இந்த அறிவு விலையுயர்ந்த போத்தலுக்கு மட்டும் உரியதா? மலாயாக் கரையின் சொந்த வரலாறே “இல்லை” என்கிறது. இனிப்பும் வீரியமும் சேர்ந்த ஸ்டவுட் வெப்பநாடுகளில் தனி வகையாகவே வளர்ந்தது. அமெரிக்க பீர் நடுவர் அமைப்பின் 2015 வழிகாட்டி, வெப்பமண்டல ஸ்டவுட் என்று ஒரு வகையைப் பிரித்து, அதற்கு எடுத்துக்காட்டுகளாக இலங்கையின் லயன் ஸ்டவுட்டையும், 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எழுந்த ஆர்ச்சிபெலாகோ மதுவாலையின் வழிவந்த ஏபிசி ஸ்டவுட்டையும் சொல்கிறது. இவற்றின் வீரியம் 8 விழுக்காட்டை ஒட்டியும் தாண்டியும் இருக்கும். கின்னஸும் நாய்த்தலை லேபலோடு இந்தக் கரைக்கு வந்து, சீனர்களிடையே கறுப்பு நாய் என்றே பெயர் வாங்கி, 1965 முதல் சுங்கைவேயில் காய்ச்சப்பட்டது. கோப்பிக்கடை மேசையில் கைக்கெட்டும் விலையில் வந்த பானங்கள் இவை. கருத்த நிறமும் இனிப்பும் சேர்ந்து, ஸ்டவுட் இரத்தம் ஊறவைக்கும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்ற நம்பிக்கையையும் வளர்த்தன. கின்னஸ் உங்களுக்கு நல்லது என்று 1929 முதல் விளம்பரமே செய்தார்கள். இந்த நம்பிக்கை தவறு. தாய் குடிக்கும் ஆல்கஹால் தாய்ப்பாலிலும் கலக்கும். ஸ்டவுட்டின் நிறம் வறுத்த வாற்கோதுமையின் நிறம், இரும்புச் சத்தின் நிறம் அல்ல. இனிப்பாக இருப்பது மருந்தாகவும் இருக்கும் என்று நாக்கு ஏமாந்ததன் விளைவு இது.

இங்கே முதல் மறுப்பு வரும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய குறளைப் படித்த இனத்துக்கு, மதுவைச் சுவைக்கும் முறை எதற்கு? மலாயாத் தமிழர் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு மிகுந்த கனம் உண்டு. பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் கால்வைத்த சில ஆண்டுகளிலேயே சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு அரசின் வருமானமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் இறங்கிய தொழிலாளிக்குத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் கிடைக்காவிட்டாலும் கள்ளுக்கடை கிடைத்தது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. 1947 தொடக்கத்தில் பினாங்கை அடுத்த கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீஸோடு மோத நேர்ந்தது. பின்னாளில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. இந்தப் போராட்டங்கள் அனைத்தும் நம் மதிப்புக்குரியவை. அவை எதிர்த்தது எதை? கூலி நாளன்று கையில் காசு வந்தவுடன் மலிவாக, விரைவாகப் போதையேற்றி, குடும்பத்தின் அரிசிப் பணத்தைப் பிடுங்கிய ஏற்பாட்டை. அளவு தெரியாமல், வீரியம் தெரியாமல் குடிக்கவைத்ததுதான் அந்த ஏற்பாட்டின் பலம். அளவையும் வீரியத்தையும் கற்றுக்கொடுக்கும் அறிவு அந்தப் பலத்துக்கு எதிரானது. குடிக்காதவர் குடிக்கத் தொடங்க இந்தக் கட்டுரை காரணமாகக் கூடாது. அவர் இருக்கும் இடமே நல்ல இடம். ஆனால் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் குடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது, அவர்களை இனிப்பின் கையில் ஒப்படைப்பதற்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு மருத்துவத்திலிருந்து வருகிறது. ஆல்கஹால் கலந்த பானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே முதல் வகையில் சேர்த்தது. முற்றிலும் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்று அந்நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2023 ஜனவரியில் அறிவித்தது. அப்படியிருக்க, முகர்ந்து பார்த்துக் குடித்தால் மட்டும் நஞ்சு குறைந்துவிடுமா? குறையாது. சுவைத்துக் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அது விளம்பரம். சுவைப்பு என்ற சொல்லின் மறைவில் முழுப் போத்தலையும் முடிப்பவர் சுவைக்கவில்லை, குடிக்கிறார். அதற்கு அழகான பெயர் தேவையில்லை. நான் சொல்வது ஒப்பீட்டளவில் சிறிய, ஆனால் உறுதியான உண்மை: ஒன்பதரை கிராம், 31 கிராமைவிடக் குறைவு. சாலையில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாகிறது. 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அந்த 12 விழுக்காட்டுப் போத்தலை வெறும் வயிற்றில் முடித்தால், ஒரு மணி நேரம் கழித்தும் தோராயக் கணக்கில் 60-ஐ ஒட்டி இருப்பார். ஒரே ஒரு பீர்தானே குடித்தேன் என்று அவர் மனதார நம்பிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டுவார். குடித்தவர் துளியும் ஓட்டக்கூடாது என்பதே என் நிலை. ஆனால் ஒரு பீர் என்ற எண்ணிக்கையே அர்த்தமற்றது என்பதை அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது, இதெல்லாம் பணக்காரர் விஷயம் என்ற மறுப்பு. விலை அதிகம் என்பது உண்மைதான். 2016 மார்ச்சில் நடப்புக்கு வந்தபோது இந்த முறைப்படி பீருக்கான கலால் வரி, அதில் உள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 5 விழுக்காட்டு போத்தலுக்கு ஏறத்தாழ 2 ரிங்கிட் 90 சென் என்றால், 12 விழுக்காட்டுக்கு 6 ரிங்கிட் 90 சென். அரசு வரி போடும்போது பீரை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஆல்கஹாலை அளந்தே போடுகிறது. அதே கணக்கைக் குடிப்பவர் மட்டும் ஏன் போடக்கூடாது? வசதியானவர் இந்த அறிவு இல்லாவிட்டாலும் வாடகை வண்டியில் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். கோப்பிக்கடையில் 8 விழுக்காட்டு ஸ்டவுட்டைச் சாதாரண பீர் என்று எண்ணிக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுபவருக்கே இது அதிகம் தேவை. பழச்சுவையும் இனிப்பும் ஏற்றி இளைஞர்களைக் குறிவைத்து வரும் புட்டி மதுவுக்கும் இதே பாடம் பொருந்தும்.

ஆகவே, கோரிக்கைகளும் எளியவை. மெனு அட்டையில் பெயருக்கும் விலைக்கும் பக்கத்தில் ஆல்கஹால் விழுக்காட்டையும் பார்கள் அச்சிட வேண்டும். 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பீரை 100 மில்லி அளவில் விற்க வேண்டும், முழுப் போத்தல் கேட்டால் எத்தனை குவளை வேண்டும் என்று கேட்க வேண்டும். லேபலில் விழுக்காட்டோடு மொத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதையும் போட அரசு வற்புறுத்த வேண்டும். விழுக்காட்டைக் கிராமாக மாற்றும் கணக்கைக் குடிக்க உட்கார்ந்தவர் போடமாட்டார். மேசையில் இருப்பவர் தன் பங்குக்கு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்: எத்தனை விழுக்காடு, எத்தனை மில்லி, அடுத்த வாய்க்கு முன் நெஞ்சில் சூடு தெரியும்வரை காத்திருந்தேனா. கள் நமக்குக் கற்றுத்தந்த விதி கள்ளுக்கு மட்டுமே பொருந்தும். இனித்தாலும் வீரியம் இருக்கும் என்பதை அடுத்த தலைமுறைக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். மதுவைத் தொடாதவர் வீட்டிலும் அதைப் பேசலாம். ஏனென்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் யாரோ ஒருவர் “இது பீர்தானே, இனிப்பாகத்தான் இருக்கும்” என்று ஒரு குவளையை நீட்டத்தான் போகிறார்.